சவுக்குக்குச் சத்தம் பார்த்த வேலை

சவுக்கு செய்கிற கம்பெனியில் வேலை என்று சொன்னால், "யாரை அடிக்க?" என்று கேட்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவில், விமானங்கள் ஓட்டுக்கூரையை உரசுவதுபோல் தாழ்ந்து இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் கம்பெனி. பதனிட்ட மாட்டுத் தோலை வாங்கி, வாராக அறுத்து, பின்னி, ஆளைவிட நீளமான சவுக்குகளாக்கி ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புவோம். 'புல் விப்' என்று பெயர். அங்கே மாட்டு மந்தை ஓட்டுகிறவர்கள் காலங்காலமாக வைத்திருக்கிற சாமான். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா நாகல்கேணியில் தோல் பதனிடுகிற தொட்டியில் வேலை பார்த்தவர்; சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். தோல் பக்கமே வரக் கூடாது என்றுதான் என்னைப் படிக்கவைத்தார். நானும் எண்பதுகளின் கடைசியில் பட்டம் வாங்கிவிட்டு, ரயில்வே பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, கிடைக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று இந்த வேலையில் சேர்ந்தேன். அக்கம்பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் கம்பெனி' என்று மட்டும் சொல்லிவைத்தோம். கிடைக்கிறவரைக்கும் என்று சேர்ந்த வேலையில் வருஷக்கணக்காக இருந்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு ஒரு பட்டதாரி

நேர்காணல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலாளி என் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், மதில் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, கையில் ஒரு சவுக்கைக் கொடுத்து வீசச் சொன்னார். அது சுவர்ப் பக்கம் போகாமல் என் முதுகைச் சுற்றி வந்து கழுத்தில் சுள்ளென்று இழுத்தது. பின்னல் ஆட்களுக்குத் தலைவரான வேலு அண்ணன் ஓடிவந்து என்னை அவிழ்த்துவிட்டார். அவர் சிரிக்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வேலை இதுதான். பின்னி முடித்த ஒவ்வொரு சவுக்கையும் அந்தக் கொல்லையில் நின்று சொடுக்கிப் பார்க்க வேண்டும். வெடி வெடித்ததுபோல் பளீரென்று கேட்டால் பாஸ். 'பொத்' என்று கேட்டால் உள்ளே பின்னலில் எங்கோ தளர்வு இருக்கிறது என்று அர்த்தம், ரிஜெக்ட். இதற்கு எதற்கு ஒரு பட்டதாரி என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். முதலாளி மார்க் ஷீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: "அடிக்கறதுக்கு டிகிரி வேணாம்பா. அடிச்சுப் பார்த்தேன்னு கையெழுத்துப் போடறதுக்குத்தான் வேணும். ஃபாரின்காரன் கேக்கறான்."

நுனியின் வேகம்

ஒரு சவுக்கு எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் தோலையே சுருட்டிச் செய்த ஒரு தண்டு. பிடிப் பக்கம் கட்டைவிரல் கனம் இருக்கும். போகப் போக எலி வால். அதன் மேல் பன்னிரண்டு வார்களைச் சோப்பும் கொழுப்பும் தடவி, காலில் மாட்டி இழுத்து, இழுத்துப் பின்னுவார்கள். ஒல்லியாக ஆக ஆக வார்களை இரண்டிரண்டாக உள்ளே அடக்கிவிட்டு, கடைசியில் நான்கு வாரில் முடிப்பார்கள். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார்கள். முனையில் ஒற்றை வார் ஒன்று தொங்கும். அதன் நுனியில், ரோசி அக்கா தொடையில் வைத்து முறுக்கித் தருகிற நைலான் நூல் குஞ்சம். சத்தம் முழுவதும் அந்தக் குஞ்சத்தில்தான் இருக்கிறது. மாட்டைத் தொடவே தேவையில்லை, தலைக்கு மேல் சொடுக்கினாலே மந்தை திரும்பிவிடும் என்று வெளிநாட்டு விலைப்பட்டியலில் போட்டிருக்கும்.

சொடுக்குவதற்கு ஒரு முறை இருந்தது. அடிக்கிற கைப் பக்கம் தலையைச் சாய்த்து, குஞ்சம் வெடிக்கிற திசைக்கு வலது காதைக் கொடுக்க வேண்டும். சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, நேராக வருகிற சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். அப்போதுதான் பளீருக்கும் பொத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தேகக் கேஸ்களைப் பிடிக்க முடியும். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது. படித்ததற்கு ஏதாவது பயன் வேண்டுமே என்று ஒரு நாள் டீ நேரத்தில் வேலு அண்ணனிடம் விளக்கினேன். தோல் மேல் தோல் படுவதால் இந்தச் சத்தம் வரவில்லை. கைப்பிடியில் கொடுக்கிற வேகம் ஒல்லியான பக்கம் போகப் போகக் கூடி, நுனியில் ஒலியையே மிஞ்சிவிடுகிறது. காற்று உடைகிற சத்தம் அது, ஜெட் விமானம் செய்கிற அதே வேலை. அவர் வாரை இழுத்துப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சர்தாம்பா. அடி வாங்கறவனுக்கு அதுல இன்னா வித்தியாசம்?"

ஜீப்

ஊரில் எங்கே டமால் என்றாலும் போலீஸ் ஓடிவருகிற சமயம் ஒன்று இருந்தது. எங்கள் சந்துக்குப் புதிதாகக் குடிவந்த யாரோ, துப்பாக்கி சுடுகிற சத்தம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். விமான நிலையம் வேறு பக்கத்தில். ஒரு நாள் காலையில் ஜீப் வந்து கேட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் வாட்ச்மேன் கண்ணப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் காலடியில் ஒரு சிறு கல்லைப் போடுவோம். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். ஹெட் கான்ஸ்டபிள் கேட் மேல் ஏறிக் குதிக்காத குறையாக உள்ளே வந்து, "இன்னாயா, டமாரமா நீ?" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

கொல்லையில் என்னைப் பார்த்ததும் அவர் கை லத்திக்குப் போனது. என் கையில் சவுக்கு. ரயில்வே எழுத்துத் தேர்வு எழுதி ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் எல்லாம் போயிற்று. வேலு அண்ணன்தான் நடுவில் வந்து, "சார், சத்தம் பாக்கறோம் சார்" என்று சொல்லி, ஒரு தடவை சொடுக்கியும் காட்டினார். கான்ஸ்டபிள் நிம்மதியாகிவிட்டார். சவுக்கை வாங்கிப் பின்னலை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்று வேண்டுமா சார் என்று முதலாளி மரியாதைக்குக் கேட்டார். அவர் நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "வேணாம் சார், எங்களுக்கு லத்தியே போதும். இது மார்க் வுட்டுடும்."

இன்னொரு தொழில்காரர்

தெருவில் தன் முதுகில் தானே சாட்டையால் அடித்துக்கொண்டு காசு கேட்பவர்களை நீங்கள் பல்லாவரம் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒருவர், பெயர் மாரி, மனைவியோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். மனைவி கழுத்தில் மேளம் தொங்கியது. சவுக்கு வேண்டாம், வெட்டிப்போட்ட வார்த்துண்டு இருந்தால் கொடுங்கள் என்றார். அவருடைய சாட்டை நார்க்கயிறு, தொடை கனம். பார்க்கத்தான் பயங்கரம், வீசும்போது காற்றிலேயே பெரிதாகச் சத்தம் வந்துவிடும், உடம்பில் விழுவது குறைவு. அதன் நுனிக்குத்தான் தோல் கேட்டார்.

தோல் நுனி கட்டினால் சதையைப் பிய்த்துவிடும் என்று எச்சரித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டை போடாத முதுகைத் திருப்பிக் காட்டினார். பழைய கோடுகள், நடுவில் ஆறாத ஒன்று. பின்னே எதற்கு என்றேன். மனைவி மேளத்தைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாரிதான் சொன்னார்: "சத்தத்துக்குக் கூட்டம் கூடும் சார். ரத்தம் பாத்தாதான் கை பாக்கெட்டுக்குப் போவும்."

குவாரிக்காரர்

ரிஜெக்ட் ஆன சவுக்குகளை விற்கக் கூடாது, மூன்றாக வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்று கம்பெனியில் விதி. புல்லட்டில் ஒருவர் வந்தார். மலைப் பக்கம் கல் குவாரி எடுத்து நடத்துகிறவர். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். முதலாளி இல்லை. ரிஜெக்டில் ஒன்று இருந்தால் கொடு தம்பி என்றார். நாய்க்கா சார் என்றேன். இல்லை, வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்த ஆட்கள் ஷெட்டில் கிடக்கிறார்கள், விடிந்தும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார்.

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. இதோ பார்க்கிறேன் சார் என்று உள்ளே போய், இருந்த ஒரே ரிஜெக்டை வார் அறுக்கிற கத்தியால் மூன்றாக வெட்டி, துண்டுகளை எடுத்துவந்து, வெட்டியாகிவிட்டது சார் என்று காட்டினேன். அவர் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பெரிய மனசோடு எனக்கு விளக்கம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்: "யாரையும் தொட மாட்டேன் தம்பி. தலைக்கு மேல ஒரு சத்தம் குடுத்தா போதும், அதுங்களா எழுந்துக்கும்."

மஞ்சள் தக்கை

எழுத்துத் தேர்வில் பாஸ் என்று கடிதம் வந்தது. அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புண் காலோடு தெரு முனை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

அந்த மாதம்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கள் பெரிய வாடிக்கையாளர் நேரில் வந்தார். செம்பட்டைத் தாடி, பெரிய உடம்பு. அந்தக் காலத்தில் எங்கெங்கே அடிமைகள் இருந்தார்களோ அங்கெல்லாம் இந்தச் சவுக்கும் இருந்தது, இப்போது மாட்டுக்கும் வேடிக்கைக்கும்தான் என்று அவரே சொன்னார். கொல்லையில் நின்று தானே ஒன்றைச் சொடுக்கிப் பார்க்க விரும்பினார். சொடுக்குவதற்கு முன்னால் பையிலிருந்து இரண்டு மஞ்சள் தக்கைகளை எடுத்து, விரலால் உருட்டி நசுக்கி, காதுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தபடி நின்றோம். அடித்துவிட்டுத் திரும்பினவர், எங்கள் காதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னொரு ஜோடி தக்கையை என் உள்ளங்கையில் வைத்து, இதெல்லாம் இல்லாமலா இத்தனை நாளாக அடிக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் வலது காதில் கொஞ்ச நாளாகவே ஒரு 'ங்ங்' ஓசை இருந்தது. விமானம் என்று நினைப்பேன். நிமிர்ந்து பார்த்தால் வானம் காலியாக இருக்கும். ஒலியை மிஞ்சுகிற வேகம் என்று அண்ணனுக்குப் பாடம் எடுத்தவனுக்கு, அந்த உடைகிற காற்று எங்கே போகிறது என்று தோன்றியதே இல்லை. ஆஸ்திரேலியாக்காரர் போன பிறகு ரோசி அக்காவிடம் போய், இந்தச் சத்தத்தால் யாருக்காவது காது போயிருக்கிறதா என்று கேட்டேன். அக்கா நூல் முறுக்குவதை நிறுத்தவில்லை. கண்ணால் மட்டும் கேட் பக்கம் காட்டினார். "கண்ணப்பன் அண்ணன் இன்னா, பொறக்கும்போதே வாட்ச்மேனா? உனக்கு முன்னாடி அந்தக் கொல்லையில நின்னது அவருதாம்பா."

மூக்கும் சாம்பாரும்

மறுநாளிலிருந்து தக்கை போட்டுக்கொண்டேன். உடனே ஒரு சிக்கல் வந்தது. தக்கையோடு கேட்டால் எல்லாச் சவுக்கும் ஒரே மாதிரி 'டப்' என்றது. பளீரும் பொத்தும் ஒன்றாகிவிட்டன. இரண்டு மோசமான சவுக்குகளைப் பாஸ் செய்து பெட்டிக்கு அனுப்பிவிட்டேன். நல்லவேளையாக வேலு அண்ணன் கண்ணில் பட்டது. முதலாளிக்கு விஷயம் போனது.

ரயில்வே மருத்துவப் பரிசோதனை முடிகிற வரைக்கும் பேக்கிங்கில் போடுங்கள் சார் என்று கேட்டேன். கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை, வேண்டாமென்றால் நின்றுகொள் என்றார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன். ரயில்வேயிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்றும் தெரியாது. நின்றுகொள்வதா வேண்டாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவரே கைநீட்டி என் வலது காதிலிருந்து தக்கையை உருவினார். "ஏம்பா, மூக்கைப் பொத்திக்கிட்டா சாம்பாருக்கு ருசி பாப்பே?"

விரல்

ரயில்வேயில் கூப்பிட எட்டு மாதம் ஆனது; அதுவரைக்கும் தக்கை இல்லாமல்தான் சொடுக்கினேன். ரயில்வே ஆஸ்பத்திரி வராண்டாவில் காலையிலிருந்து பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம். கண், ரத்தம், நெஞ்சு எல்லாம் சரி. கடைசியாகக் காது. அறையின் ஒரு மூலையில் நம்மைச் சுவர் பார்த்து நிற்கவைப்பார்கள். டாக்டர் தூரத்தில் பின்னால் நின்று மெதுவான குரலில் எண்களைச் சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு காதைப் பார்க்கும்போது இன்னொரு காதை அட்டெண்டர் விரலால் அடைத்துக்கொள்வார். இடது காதுக்கு எல்லா எண்களையும் சொல்லிவிட்டேன்.

வலது காதின் முறை வந்தது. டாக்டர் ஜன்னலைச் சாத்தப் போன நேரத்தில் அட்டெண்டர் என்னிடம் குனிந்தார். வலப் பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் நான் திரும்பாததை வராண்டாவிலேயே கவனித்திருக்கிறார். இடது காதில் விரலை லூசாக வைக்கிறேன், அதாலேயே கேட்டுச் சொல்லிவிடு என்றார். காசுகூடக் கேட்கவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அப்பாவின் சட்டைப்பை ஞாபகம் வந்தது. கூடவே, அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன் வருவதும், லைன் காலியா இல்லையா என்று அவர்கள் சொல்வதும், நான் தப்பான காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு நிற்பதும், ஒரே தண்டவாளத்தில் இரண்டு பக்கமிருந்தும் வண்டி வருவதும் ஞாபகத்துக்கு வந்தன. நடக்காததெல்லாம் முன்கூட்டியே தெரிவது என் சுபாவம். அவர் கையை எடுத்துவிட்டு, என் விரலையே இடது காதில் அழுத்திச் செருகிக்கொண்டேன்.

பின்னால் டாக்டர் பேசுகிறார் என்பது தெரிந்தது. காற்று மாதிரி ஏதோ வந்தது. என்ன எண் என்று ஒன்றுகூடப் பிடிபடவில்லை. தெரியவில்லை சார், தெரியவில்லை சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் பக்கத்தில் வந்து, விளக்கு அடித்துக் காதைப் பார்த்து, இப்போது என்ன வேலை என்றார். சவுக்குக்குச் சத்தம் பார்க்கிறேன் என்றேன். அவர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "ரயில்வேல எல்லாரும் கத்தித்தான் பேசுவோம் தம்பி. ஆனா ரூல், மெதுவா பேசினாக் கேக்கணும்னு இருக்கு."

அட்டெண்டர் கதவு வரைக்கும் கூட வந்தார். அவருக்கு என்மேல் கோபம். "ஒரு விரலு. லூசா வுட்டிருந்தா இந்நேரம் நீ ஸ்டேஷன் மாஸ்டரு."

வீட்டில்

தாம்பரம் வண்டியைப் பிடித்து, பல்லாவரத்தில் இறங்கி, வீட்டுக்கு நடந்தேன். அம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு சாதம் போட்டாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரலைத் தவிர. பிறகு அதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஏதோ சொல்லியிருக்கிறார், நான் பதில் சொல்லவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புண் காலைத் தரையில் அழுத்தாமல் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, என் இடது பக்கம் உட்கார்ந்து, சொன்னதையே மறுபடி சொன்னார்: "நாளிக்கு வேலைக்குப் போறப்போ ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிகினு போ. உங்க மொதலாளியக் கேட்டுகினு நிக்காத. மீதி கீறதாவது இருக்கட்டும்."

இன்றைக்கும் ஒவ்வொரு சவுக்கிலும் 'சோதித்துப் பார்க்கப்பட்டது' என்று அட்டை கட்டி, கீழே என் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்புகிறோம். சோதிக்கிறவனை நிற்கவைத்து ஒரு முறை சோதித்துப் பார்த்தது ரயில்வே மட்டும்தான்.